‘ஸெகாலி’ என்றால் ஒரு தடவையா, ரொம்பவா? ஹைதராபாத்தில் பதினோரு நாள்

மொழிபெயர்ப்பு வேலையாக முதல்முறை வெளியூர் போகிற இரண்டு பேர் போன மாதம் எனக்கு எழுதியிருந்தார்கள். என்ன எடுத்துப் போக வேண்டும், எங்கே தங்க வேண்டும், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது 1983 டிசம்பரில் நான் ஹைதராபாத் போன கதையாக நீண்டுவிட்டது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. திருச்சியில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் ஸ்டெனோ. பிறந்து வளர்ந்ததெல்லாம் சுமத்ரா தீவில், மேடான் நகரத்தில். அப்பா அங்கே ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். எனக்குப் பதினைந்து வயதானபோது குடும்பத்தோடு பினாங்கு வழியாகக் கப்பலில் நாகப்பட்டினம் வந்து சேர்ந்தோம். அதன்பிறகு இந்தோனேசிய மொழியில் நான் பேசியது அம்மாவிடம் மட்டும்தான், அதுவும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் புரியக்கூடாத விஷயங்களை. அம்மாவும் போன பிறகு அதுவும் நின்றுவிட்டது.

வேலைக்குச் சேரும்போது நிரப்பிய படிவத்தில் ‘தெரிந்த மொழிகள்’ என்ற கட்டத்தில் அந்த மொழியின் பெயரையும் எழுதியிருந்தேன். பன்னிரண்டு வருஷம் அதை யாரும் பார்க்கவில்லை. ஒருநாள் பர்சனல் ஆபீசர் கூப்பிட்டு, “பார்வதி, உங்களுக்கு நிஜமாவே இந்தோனேசிய பாஷை தெரியுமா, இல்ல சும்மா எழுதினீங்களா?” என்று கேட்டார். ஹைதராபாத்தில் உப்பல் பக்கம் இருந்த இன்னொரு பொதுத்துறைத் தொழிற்சாலை சுமத்ராவின் பாமாயில் ஆலை ஒன்றுக்கு இரண்டு பாய்லர் செய்கிறதாம். ஒன்று போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் ஏதோ தகராறு. அங்கிருந்து இரண்டு பேர் வருகிறார்கள், ஆங்கிலம் தெரியாது, ஆள் வேண்டும் என்று டெலக்ஸ் செய்தி வந்திருந்தது. நான் சரி என்று சொல்லிவிட்டு என் இருக்கைக்கு வந்து, டைப்ரைட்டரின் முன்னால் உட்கார்ந்து, இந்தோனேசிய மொழியில் ஒன்று முதல் நூறு வரை மெதுவாக எண்ணிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. சந்தோஷத்தில் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

திருச்சியிலிருந்து இரவு ரயில், மறுநாள் காலை எழும்பூர். அன்று மாலை சென்ட்ரலில் ஏறி, அதற்கடுத்த நாள் காலை எட்டரைக்கு செகந்திராபாத்தில் இறங்கினேன். சென்னையிலிருந்து ஏறக்குறைய 790 கிலோமீட்டர். இரண்டாம் வகுப்புப் படுக்கைக்கு 71 ரூபாய். டிசம்பரில் அந்த ஊர்க் குளிர் காலையில் காதைப் பிடிக்கும், மப்ளர் எடுத்துப் போகாதது என் தப்பு. ஸ்டேஷனிலிருந்து சைனிக்புரிக்குப் பத்து கிலோமீட்டர், ஆட்டோ மீட்டர் 14 ரூபாய் காட்டியது. பெட்டி இல்லாவிட்டால் டவுன் பஸ்ஸிலேயே போயிருக்கலாம்.

சைனிக்புரியில் என் சித்தி மகள் கமலா அக்கா இருந்தாள். அத்தான் ராணுவத்திலிருந்து சுபேதாராக ஓய்வு பெற்று அந்தக் காலனியில் வீடு கட்டியிருந்தார். பதினெட்டு வருஷமாக அந்த ஊரில் இருப்பதால் அக்காவின் நாகப்பட்டினத் தமிழுக்குள் ஊர்ப்பேச்சும் கலந்து கிடந்தது. “ஓட்டல் கீட்டல் எல்லாம் நக்கோ. இங்கயே தங்கு” என்றாள். வேண்டாம் என்பதற்கு அந்த ஊரில் நக்கோ. ஆமாம் என்பதற்கு ஹவ். அவள் பிள்ளைகள் இரண்டும் நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் தெலுங்கில் பதில் சொன்னார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தொழிற்சாலை ஜீப் வந்தது. உப்பலுக்குப் பதினொரு கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிஷம். கான்பரன்ஸ் அறையில் அவர்கள் இரண்டு பேரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தலைமைப் பொறியாளர் ஹசன். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, ஐம்பதைத் தாண்டியவர். மற்றவர் பாய்லர் போர்மேன் சிம்போலோன். சுமத்ராவின் தோபா ஏரிப் பக்கத்து மனிதர். தாழ்ந்த குரலில் பேச அந்த ஊர்க்காரர்களுக்கு வராது.

நான் வணக்கம் சொல்லி, “நான் மேடானில் பிறந்தவள்” என்று அவர்கள் மொழியில் சொன்னேன். சிம்போலோன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். எந்தத் தெரு, எந்தப் பள்ளி, எந்தக் கடையில் மீ நூடுல்ஸ் சாப்பிடுவீர்கள் என்று ஒரே மூச்சில் கேட்டார். இருபத்தொரு வருஷம் கழித்து அந்த மொழி என் வாயிலிருந்து தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. அதுவும் எங்கள் மேடானின் கரடுமுரடான உச்சரிப்போடு. வொர்க்ஸ் மேனேஜர் ராவ் மேஜையைத் தட்டி எங்களை நிறுத்த வேண்டியிருந்தது.

பிறகு ஹசன் பேசினார். அவர் பேசிய விதத்தைச் சொன்னால்தான் நான் செய்தது புரியும். “புகான் ஸாத்து ஹாரி, புகான் டுவா ஹாரி, தியாப்-தியாப் ஹாரி” என்றார். ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல, ஒவ்வொரு ஒவ்வொரு நாளும். “என் தலையில் இருக்கும் என் சொந்தக் கண்ணால் பார்த்தேன்” என்றார். பாய்லருக்குள் தண்ணீர் தாழ்ந்திருக்கிறது, மிகத் தாழ்ந்திருக்கிறது, தாழ்வான கோட்டுக்கும் தாழ்ந்திருக்கிறது, வெளியில் நீர்மட்டம் காட்டும் கேஜ் கிளாஸ் என்ற கண்ணாடிக் குழாயோ நிறைந்தே இருக்கிறது என்று படிப்படியாக ஏற்றிக்கொண்டு போனார். கடைசியில் நிறுத்தி, “ஸியாபா யாங் மாவு மாதி?” என்று கேட்டார். சாக யாருக்கு ஆசை?

இதெல்லாம் பள்ளியில் எங்களுக்குப் பாடமாகவே இருந்தது. அழுத்தத்துக்கான அணிகள் என்று பத்துப் பன்னிரண்டு உண்டு. சொன்னதையே சொல்வது, தேவைக்கு மேல் ஒரு சொல்லைச் சேர்ப்பது, ஏறுவரிசையில் அடுக்குவது, பதில் வேண்டாத கேள்வி கேட்பது. ஹசன் ஐந்து நிமிஷத்தில் பாதிப் பாடத்தை முடித்துவிட்டார்.

நான் ராவிடம் ஆங்கிலத்தில் சொன்னது இரண்டே வரி. ‘இது தினமும் நடக்கிறது. உள்ளே நீர்மட்டம் குறைவாக இருக்கும்போது கேஜ் கிளாஸ் சரியாகக் காட்டுவதில்லை.’

ராவ் தலையாட்டினார். சுமத்ராவிலிருந்து முன்பு வந்த கடிதத்தில் ஒரே ஒரு தடவைதான் குறைந்தது என்று எழுதியிருந்ததே, இப்போது தினமும் என்கிறார்களே என்று கோப்பைக் காட்டினார். பேரம் பேச வந்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. கூட்டம் முடிந்ததும் என்னிடம், வளவளவென்று இல்லாமல் கச்சிதமாகச் சொன்னீர்கள் என்று பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன். பன்னிரண்டு வருஷம் ஆங்கிலக் கடிதங்களைச் சுருக்கெழுத்தில் எடுத்தவள் நான். நீளமாகப் பேசுகிறவர்கள் படிப்பு குறைந்தவர்கள் என்ற எண்ணம் எனக்கே தெரியாமல் எனக்குள் குடியிருந்தது.

மறுநாள் காலை வாசலில் காய்கறிக்காரர் வந்தார். கீரை வாடியிருக்கிறதே என்று கமலா அக்கா கேட்டதற்கு, “அபிச் லாயா அம்மா” என்றார். லாயா என்றால் கொண்டுவந்தேன், அபி என்றால் இப்போது. ‘அபிச்’ என்றால்?

“இப்பத்தான்னு அர்த்தம்” என்றாள் அக்கா. “இந்த ஊர்ல எதையும் அழுத்திச் சொல்லணும்னா கடைசில ஒரு ‘ச்’ போடுவாங்க. நம்ம ‘தான்’ மாதிரி.”

“அந்த ‘ச்’ இல்லாம சொன்னா?”

“சொல்லலாம். ஆனா நான் கீரை வாங்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு இரண்டு கட்டு வாங்கினாள்.

சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறினேன். பாதி வழியில் சிரிப்பு போய்விட்டது. நேற்று ஹசன் போட்ட ‘ச்’ எல்லாவற்றையும் நான் எடுத்துவிட்டேன்.

போனதும் ராவிடம் அந்தப் பழைய கடிதத்தின் மூலத்தைக் கேட்டேன். கோப்பின் அடியிலிருந்து வந்தது. சிம்போலோன் கையால் எழுதியது. பக்கத்திலேயே ஆங்கில மொழிபெயர்ப்பு. அகராதியை வைத்துக்கொண்டு அலுவலகத்தில் யாரோ சொல்லுக்குச் சொல் செய்தது. அவரைக் குறை சொல்ல முடியாது, கிடைத்ததை வைத்துச் செய்திருக்கிறார். மூலத்தில் ‘ரெண்டா ஸெகாலி’ என்று இருந்தது. ரெண்டா என்றால் தாழ்வு. ஸெகாலி என்ற சொல்லுக்கு அகராதியில் முதல் பொருள் ஒரு தடவை. ஆனால் அது ஒரு பண்புச்சொல்லின் பின்னால் வந்தால் ‘ரொம்ப’ என்று அர்த்தம். மிகவும் தாழ்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தார். ‘ஒரு தடவை தாழ்ந்திருந்தது’ என்று ஹைதராபாத் படித்திருந்தது.

அடுத்த வரி இன்னும் மோசம். ‘ஜாங்ஙான் ஸெகாலி2’ என்று எழுதியிருந்தார். ஒரு சொல்லை இரட்டிக்க வேண்டுமானால் பக்கத்தில் 2 போட்டுவிடுவது எங்கள் காலத்துப் பழக்கம். ஸெகாலி-காலி என்று படிக்க வேண்டும். முன்னால் ‘கூடாது’ என்ற ஜாங்ஙான் வந்தால் ‘ஒருக்காலும் கூடாது’. இரண்டாவது பாய்லரைச் சரிபார்க்காமல் ஒருக்காலும் பற்றவைக்காதீர்கள் என்பது அவர் எழுதிய எச்சரிக்கை. ஆங்கிலத்தில் அது ‘ஒன்றிரண்டு தடவை பற்றவைக்க வேண்டாம்’ என்று ஆகியிருந்தது.

ராவிடம் ஓடி இரண்டு வரியையும் திருத்திச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “பரவாயில்லை மேடம். நாளைக்கு இரண்டாவது பாய்லரின் சோதனை ஓட்டம். அவர்களே கூட நின்று பார்க்கட்டும்” என்றார். நானும் அதற்குமேல் பேசவில்லை. அகராதிக்காரர் தெரியாமல் செய்தார். நான் எல்லாம் தெரிந்தே செய்தேன். அதை ராவிடம் சொல்ல எனக்கு அன்றைக்குத் தைரியம் வரவில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு பர்னரைப் பற்றவைத்தார்கள். பெரிய கொட்டகை, நடுவில் லாரி நீளத்துக்கு பாய்லர். கேஜ் கிளாஸில் தண்ணீர் முக்கால் அளவு அசையாமல் நின்றது. பதினொன்றரை மணி இருக்கும். சிம்போலோன் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், அருகில் போய் அடியிலிருந்த வடிகுழாயைத் திறந்தார். குழாயிலிருந்த தண்ணீர் வடிந்தது. மூடினார். உள்ளேயிருந்து தண்ணீர் மறுபடி ஏறி வந்திருக்க வேண்டும். வரவில்லை. குழாய் காலியாக நின்றது.

ராவ் “வாட்டர், வாட்டர்” என்றார். பம்ப் பக்கத்தில் நின்ற மொயின் பாய் என்ற தொழிலாளி வால்வின் சக்கரத்தில் கை வைத்தார்.

சிம்போலோன் கத்தினார். “ஜாங்ஙான்! ஜாங்ஙான் ஸெகாலி-காலி! ஸெகாலி-காலி ஜாங்ஙான்!” முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, சொல்லையே திருப்பிப் போட்டு. எனக்கு பாய்லர் தெரியாது. தண்ணீர் வற்றிக் காய்ந்து சூடேறிய உள்குழாய்களின்மேல் குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் பாய்லரே வெடிக்கலாம் என்பதெல்லாம் பிறகுதான் சொன்னார்கள். ஆனால் அந்தக் குரல் தெரியும். “ப்ளீஸ் டோன்ட் ஓப்பன்” என்றேன். பர்னர் இரைச்சலில் அது எனக்கே கேட்கவில்லை. மொயின் பாயின் கை சக்கரத்தைத் திருப்பத் தொடங்கியிருந்தது.

“பாய், பானி நக்கோ! நக்கோ, நக்கோ, பில்குல் நக்கோ!”

இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு, புடவை முந்தானை தரையில் புரள, தண்ணீர் வேண்டவே வேண்டாம் என்று அவரை நோக்கி ஓடிக்கொண்டே கத்தினேன். கை நின்றது. சிம்போலோன் பாய்ந்து போய் பர்னரை அணைத்தார். எல்லாரும் கொட்டகைக்கு வெளியே போய் நின்றோம்.

பாய்லர் தானாக ஆறுவதற்கு மறுநாள் வரை விட்டார்கள். திறந்து பார்த்தபோது உள்ளே தண்ணீர், குழாய் காட்டிய மட்டத்துக்கு ஒரு முழம் கீழே கிடந்தது. கேஜ் கிளாஸின் கீழ்ப் பாதையை, பொருத்தும்போது உள்ளே விழுந்த ஒரு ரப்பர் துண்டு அடைத்திருந்தது. நகக்கண் அளவுதான் இருக்கும். முதல் பாய்லரிலும் அதே இடத்தில் தேடச் சொல்லி சுமத்ராவுக்கு அன்றே டெலக்ஸ் போயிற்று. அங்கேயும் இருந்தது. இங்கே ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

மொயின் பாய் எனக்கு இரானி டீ வாங்கிக் கொடுத்தார். “ப்ளீஸ் போலே தோ கோன் சுன்தா? நக்கோ போலே தோ ஹாத் ருக் ஜாதா” என்றார். ப்ளீஸ் என்றால் யார் கேட்பது, நக்கோ என்றால் கை தானாக நின்றுவிடும்.

ராவிடம் அந்தப் புதன்கிழமையே சொல்லிவிட்டேன், முதல் நாள் நான் எதையெல்லாம் விட்டேன் என்று. ஹசன் பேசியதை நினைவிலிருந்து முழுக்கத் திருப்பிச் சொன்னேன், சாக யாருக்கு ஆசை என்ற கேள்வி வரை. அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தினமும் நடக்கிறது என்று சொன்னீர்கள், நானும் கேட்டேன்” என்றார். “ஆனால் அந்த மனிதர் பயந்து போயிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.”

அதன்பிறகு வந்த நாட்கள் என் வாழ்க்கையின் மிக நல்ல நாட்கள் என்று தயங்காமல் சொல்வேன். ஹசன் மூன்று தடவை சொன்னால் நானும் மூன்று தடவை சொன்னேன். அவர் கேள்வியாகக் கேட்டால் நானும் கேள்வியாகக் கேட்டேன். கான்பரன்ஸ் அறையில் முதல்முறையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருமுறை சிம்போலோன் மேஜையைக் குத்திப் பேசியபோது நானும் குத்தினேன், டீ கொட்டியது. வெள்ளிக்கிழமை ஹசன் பழைய நகரத்தின் பெரிய மசூதிக்குத் தொழுகைக்குப் போனார். நானும் சிம்போலோனும் எதிரே வளையல் கடைகளில் சுற்றினோம். அவர் மனைவிக்கு இரண்டு டஜன் அரக்கு வளையல், பேரம் முழுக்க என் வாயால்.

ஞாயிற்றுக்கிழமை ராவ் ஜீப் கொடுத்தார். கோல்கொண்டா கோட்டை, செகந்திராபாத்திலிருந்து பதினெட்டு கிலோமீட்டர். முந்நூறுக்கு மேல் படி. காலை ஒன்பது மணிக்குள் ஏறிவிடுங்கள், டிசம்பரிலும் பதினொரு மணிக்கு மேல் பாறை சுடும். நுழைவாசலின் மண்டபத்தில் நின்று கை தட்டினால் மலை உச்சியில் கேட்கும். சிம்போலோன் அதைச் சோதிக்கக் கீழேயே நின்றுவிட்டார். நானும் ஹசனும் மேலே போனோம். “நாயிக் கெ ஆத்தாஸ்” என்று மூச்சிரைத்தபடி சொன்னார். மேலே ஏறுவோம் என்று. ஏறுவது மேலேதானே என்று நான் கேட்க, “உங்களுக்கு முப்பத்தாறு வயது, ஏறினால் போதும். எனக்கு மேலே ஏற வேண்டியிருக்கிறது” என்றார்.

உச்சியில் காற்று. கீழேயிருந்து கைதட்டல் தெளிவாக வந்தது. ஒன்று, இரண்டு, பிறகு நிறுத்தாமல். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று தோன்றியது.

“முதல் நாள் நீங்கள் சொன்னதை நான் முழுசாகச் சொல்லவில்லை. பாதிக்கு மேல் விட்டுவிட்டேன்” என்றேன்.

“தெரியும், பூ” என்றார். பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல் அது. “நான் ஐந்து நிமிஷம் பேசினேன். நீங்கள் பத்து நொடியில் முடித்துவிட்டீர்கள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் கடிகாரம் பார்க்கத் தெரியாதா?”

“அப்போதே கேட்டிருக்கலாமே.”

அவர் ஒரு கல்லில் உட்கார்ந்தார். “இந்த ஊரில் எங்களுக்கு இருந்தது உங்கள் வாய் ஒன்றுதான். அதை முதல் நாளே பயமுறுத்தினால், இரண்டாம் நாள் யார் பேசுவது?”

கீழே சிம்போலோன் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். ஹசன் சுவரோரம் போய் நின்று பதிலுக்குப் பலமாகத் தட்டினார்.

இப்போது போகிறவர்களுக்கு: நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை நல்ல காலம். உப்பலுக்கு இன்று மெட்ரோ ரயிலிலேயே போகலாம். சைனிக்புரி இன்னமும் ஓரளவு அமைதிதான், தெரிந்தவர் இருந்தால் அங்கே தங்குங்கள். நான் கோட்டை உச்சியிலிருந்து மேற்கே பார்த்தபோது பாறையும் புதரும்தான் இருந்தன. இன்று அந்தத் திசையில் கச்சிபௌலியின் அடுக்குமாடிகள். அந்தப் பக்கம் வேலை இருந்தால் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், வாகன நெரிசல் அப்படி.

மொழிபெயர்க்கப் போகிறவர்கள் அகராதியோடு ஒரு தடித்த நோட்டும் எடுத்துப் போங்கள். பேசுகிறவர் ஒரு சொல்லை எத்தனை தடவை சொல்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாளே அந்த ஊரில் ‘வேண்டாம்’ என்பதற்கும் ‘நிறுத்து’ என்பதற்கும் என்ன சொல்வார்கள் என்று கேட்டு வையுங்கள். நன்றி, வணக்கமெல்லாம் மெதுவாகக் கற்றுக்கொள்ளலாம். ஒன்றை விட்டுவிட்டீர்கள் என்று தெரிந்தால் அன்றே போய்ச் சொல்லிவிடுங்கள். நான் ஒரு நாள் தள்ளிப்போட்டேன். அந்த ஒரு நாளில் மொயின் பாயின் கை சக்கரம் வரை போய்விட்டது.

திருச்சி திரும்பியதும் பர்சனல் ஆபீசர் பயண அறிக்கை கேட்டார். பதினொரு பக்கம் டைப் செய்து கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு பக்கத்துக்குச் சுருக்கிக் கொடுங்கம்மா” என்றார்.

“முடியாது சார்” என்றேன். அந்த அலுவலகத்தில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.